மெடிசின் ஹாட்டுக்குக் குடிபோகிறோம்: அங்கே இருப்பவர்கள், இருந்தவர்கள் சொல்லுங்கள்

செவ்வந்தி | பிப்ரவரி 9

எல்லாருக்கும் வணக்கம். ரொறன்ரோ பக்கம், ஸ்கார்பரோவில் பதினாறு வருடமாக இருக்கிறோம். ஆல்பர்ட்டாவில் மெடிசின் ஹாட் என்ற ஊரில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஏப்ரல் கடைசியில் சேர வேண்டும். நான், கணவர், நாலாம் வகுப்புப் படிக்கும் மகள், எழுபது வயது அம்மா, நான்கு பேர்.

இணையத்தில் தேடினால் பெரிய கூடாரத்தின் படமும் நல்ல வெயில் என்ற செய்தியும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. எந்தப் பக்கம் வீடு பார்ப்பது? ஒரு கார் போதுமா? அம்மாவுக்குச் சர்க்கரையும் இதய நோயும் உண்டு, ஆஸ்பத்திரி வசதி எப்படி? ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பழைய வீடு வாடகைக்கு வந்திருக்கிறது. வாசலில் பெரிய மரம். அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து அம்மா அந்த வீடுதான் வேண்டும் என்கிறார். எடுக்கலாமா?

புல்வெளியான் | பிப்ரவரி 9

வாருங்கள் செவ்வந்தி. பதினொரு வருடமாக இங்கே இருக்கிறேன். என் இரண்டு பிள்ளைகளும் இந்த ஊர்ப் பள்ளியில்தான் படிக்கிறார்கள்.

முதலில் ஊர் எப்படி அமைந்திருக்கிறது என்று சொல்கிறேன். அது புரிந்தால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும். இங்கே சமவெளி என்பது மேலே இருக்கிறது. தெற்கு சஸ்காட்சுவான் ஆறு அதை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடுகிறது. நெடுஞ்சாலையில் வருகிறவருக்குத் தட்டையான புல்வெளியைத் தவிர ஒன்றும் தெரியாது. திடீரென்று தரை இறங்கும், கீழே மரங்களும் ஆறும் பழைய செங்கல் கட்டடங்களும் தெரியும். நகரின் மையம், பிளாட்ஸ், ரிவர்சைடு எல்லாம் அந்தப் பள்ளத்தில் இருக்கின்றன. ஆற்றுக்கு வடக்கே மேட்டில் கிரசென்ட் ஹைட்ஸ். தெற்கு மேட்டில் ராஸ் கிளென், சவுத்வியூ, சவுத்ரிட்ஜ் போன்ற பகுதிகள். பெரிய கடைகள் டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையை ஒட்டித் தெற்கில் உள்ளன. மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பில் 63,000 சொச்சம். ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காரில் இருபது நிமிடம்.

முகவரியில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தெரு எண்ணுக்குப் பின்னால் வருகிற தென்கிழக்கு, வடகிழக்கு என்ற திசை மிக முக்கியம். ஒரே எண்ணுள்ள தெரு வேறு வேறு திசைகளில் இருக்கும். வீடு பார்க்கிறபோதே அதைச் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள், பார்சல்கள் ஊர் சுற்றாமல் வந்து சேரும்.

அப்புறம் பில். மின்சாரம், எரிவாயு, தண்ணீர், கழிவுநீர், குப்பை எல்லாம் சேர்த்து நகராட்சியே ஒரே பில் அனுப்பும். கனடாவில் ஒரு நகரமே எரிவாயுவையும் மின்சாரத்தையும் தானே வைத்து நடத்துவது அபூர்வம். 1883இல் கனடியன் பசிபிக் ரயில்காரர்கள் இந்த ஊருக்கு மேற்கே தண்ணீருக்காகக் குழாய் இறக்கியபோது எரிவாயு வந்தது. பிறகு ஊருக்குள்ளேயும் கிடைத்தது. தரைக்குக் கீழே இருந்ததை ஊரே வைத்துக்கொண்டது. 1907இல் இங்கே வந்த ஆங்கில எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங், இந்த ஊருக்கு நரகம் முழுவதும் அடித்தளமாக இருக்கிறது என்ற பொருளில் சொன்னார். எரிவாயுவை நினைத்துச் சொன்ன பாராட்டு அது. நகர மையத்தில் பழைய பாணி எரிவாயு விளக்குகளை இன்றும் பார்க்கலாம்.

ஆற்றங்கரை வீட்டைப் பற்றி இப்போதே முடிவு எடுக்க வேண்டாம். எந்தத் தெரு என்று சொல்லுங்கள். வீட்டு எண் வேண்டாம்.

இலுப்பை | பிப்ரவரி 10

தெருவெல்லாம் கேட்க வேண்டாம் புல்வெளியான். பிளாட்ஸ் பக்கம் என்றால் எடுக்காதீர்கள் செவ்வந்தி. அவ்வளவுதான் என் பதில்.

நான் 2013 ஜூனில் அங்கே ஒரு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தேன். கால்கரியை மூழ்கடித்த அதே வெள்ளம்தான் கீழே வந்தது. ஊரில் சுமார் 10,000 பேரை வெளியேறச் சொன்னார்கள். எங்கள் தெருவுக்கும் அறிவிப்பு வந்தது. இரண்டு சூட்கேஸ், பாஸ்போர்ட், குழந்தையின் தடுப்பூசிப் புத்தகம், இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மேட்டில் இருந்த நண்பர் வீட்டுக்குப் போனோம். மேட்டின் விளிம்பில் நின்று பார்த்தால் ஆறு பால் விட்ட டீயின் நிறத்தில், முழு மரங்களை வேரோடு இழுத்துக்கொண்டு போகிறது. சத்தம் எப்படி என்றால், பக்கத்தில் நிற்பவரிடம் பேசக் கூடக் குரலை உயர்த்த வேண்டும்.

திரும்பி வந்தபோது தண்ணீர் வடிந்திருந்தது. ஆனால் அது ஆற்றிலிருந்து நேரே வரவில்லை, குளியலறைத் தரையில் இருக்கும் வடிகால் வழியாக மேலே ஏறியிருந்தது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு. அரிசி மூட்டை நனைந்து புளித்த வாசனை, அதற்குள் சாக்கடை வாசனை. கல்யாண ஆல்பம் கீழ்த்தட்டில் இருந்தது. வீட்டுக்காரர் அந்த இடத்தில் முன்பும் தண்ணீர் வந்ததை எங்களிடம் சொல்லவே இல்லை. நாங்களும் கேட்கவில்லை. வாடகைதாரர் காப்பீடும் எடுத்திருக்கவில்லை.

அந்த ஊர் மக்கள் நல்லவர்கள். முகம் தெரியாத ஒரு குடும்பம் மூன்று நாள் வந்து எங்களோடு சேறு அள்ளியது. அவர்களை மறக்க மாட்டேன். ஆனாலும் அம்மாவை அழைத்துக்கொண்டு போய் அந்தப் பள்ளத்தில் வைக்காதீர்கள்.

புல்வெளியான் | பிப்ரவரி 10

இலுப்பை, நீங்கள் பட்டதை நான் மறுக்கவில்லை. அந்த வெள்ளத்துக்குப் பிறகு வந்தவன் நான், உங்கள் அளவுக்கு எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பின் நடந்ததையும் செவ்வந்திக்குச் சொல்ல வேண்டும். தாழ்வான பகுதிகளை ஒட்டி ஆற்றோரம் மண்கரைகள் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கரைமேல்தான் நான் தினமும் நடக்கிறேன். பிளாட்ஸ் முழுக்க ஆபத்து என்று ஒதுக்கினால் ஊரின் மிக அழகான பழைய தெருக்களை, குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் வீடுகளை ஒதுக்குகிறோம்.

செவ்வந்தி, எந்த வீடானாலும் வீட்டுக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். 2013இல் இந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? கழிவுநீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் வால்வு பொருத்தியிருக்கிறதா? படுக்கையறை எதுவும் தரைக்குக் கீழே இருக்கிறதா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வெள்ளப் பகுதி வரைபடத்திலும் அந்தத் தெருவைப் பாருங்கள். வாடகைதாரர் காப்பீடு எடுக்கும்போது கழிவுநீர் ஏறுவதும் தரைவழி வெள்ளமும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல.

இலுப்பை | பிப்ரவரி 10

கரை இருக்கிறது, சரி. கரையைத் தாண்டும் ஆறு வராது என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். நடக்க முடிகிறவர்கள் இருக்கட்டும். எழுபது வயதில் இதய நோயோடு இருப்பவரை நடுராத்திரி எழுப்பி வெளியே கொண்டுவருவதை நினைத்துப் பாருங்கள்.

புல்வெளியான் | பிப்ரவரி 10

அந்த ஒரு காரணத்தை ஏற்கிறேன். அம்மாவை நினைத்தால் மேடுதான் சரி.

தூக்கணாங்குருவி | பிப்ரவரி 11

அக்கா, நான் மெடிசின் ஹாட் கல்லூரியில் இரண்டாம் வருடம். காரில்லாமல் இருக்கிறேன், அதனால் அந்தக் கேள்விக்கு நான் சொல்கிறேன். பஸ் இருக்கிறது, ஆனால் ஷிப்ட் வேலைக்கு நம்ப முடியாது. நான் இரவு வேலை முடிந்து மைனஸ் 28இல் நடந்து வந்திருக்கிறேன், இமைமுடியில் பனி கட்டியது. நீங்கள் இருவரும் வேலைக்குப் போவதென்றால் இரண்டு கார் வேண்டும். குளிரில் எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டர் இல்லாத காரை வாங்க வேண்டாம். குளிர்கால டயரும் கட்டாயம் போடுங்கள்.

வெளியூர் போக ரயிலே கிடையாது. ஊரின் நடுவில் அவ்வளவு அழகான பழைய ரயில் நிலையம் நிற்கிறது, 1990க்குப் பிறகு பயணிகள் ரயில் வருவதில்லை. சரக்கு ரயில் மட்டும் இரவும் பகலும் போகும். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்தால் ஒரு இரவு அங்கே நின்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கிரேஹவுண்ட் பஸ்ஸும் 2018 அக்டோபரோடு மேற்குக் கனடாவை விட்டுப் போய்விட்டது. கால்கரி கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர்.

சாமான் விஷயம்: பருப்பு, மசாலா, அரிசி இங்கேயே வாங்கலாம். முருங்கைக்காய், நல்ல கறிவேப்பிலை, நாட்டுச் சம்பா என்றால் கால்கரிக்கு யாராவது போகும்போது சொல்லிவிடுவோம். எங்கள் வாட்ஸப் குழுவில் அதற்கென்றே பட்டியல் ஓடும். காய்கறி பற்றிக் கவலை வேண்டாம் அக்கா. பக்கத்து ரெட்கிளிப் ஊர் முழுக்கக் கண்ணாடிக்கூடத் தோட்டங்கள்தான். வெள்ளரி, தக்காளி, குடைமிளகாய் விளைகிறது. வெளியே பனி குவிந்திருக்கும்போது உள்ளே விளக்கு எரியும், தூரத்திலிருந்து வானமே இளஞ்சிவப்பாகத் தெரியும்.

புல்வெளியான் | பிப்ரவரி 11

தம்பி சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். அந்தத் தோட்டங்கள் இங்கே வந்ததற்கு இரண்டு காரணம்: மலிவாகக் கிடைத்த எரிவாயு, ஏராளமான வெயில். கனடாவில் மிக அதிகம் வெயில் அடிக்கும் ஊர்களில் இதுவும் ஒன்று. மழை மிகக் குறைவு. அதனால்தான் குளிர்காலத்தில் மனம் சோராமல் இருக்க முடிகிறது, மைனஸ் 25இலும் வானம் நீலமாக இருக்கும். ஆனால் காற்று வறண்டது. ஸ்கார்பரோவின் ஈரப்பதத்துக்குப் பழகிய அம்மாவுக்கு மூக்கில் ரத்தம் வரலாம். படுக்கையறைக்கு ஒரு ஈரப்பதக் கருவி வாங்குங்கள். இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் தோல் வெடிக்காது.

லெத்பிரிட்ஜ்வாசி | பிப்ரவரி 11

மெடிசின் ஹாட்டிலிருந்து 170 கிலோமீட்டர் தள்ளி லெத்பிரிட்ஜில் இருக்கிறேன். எங்கள் ஊரின் காற்றை ஒப்பிட்டால் மெடிசின் ஹாட் நிம்மதி. மலையிலிருந்து இறங்கும் வெதுவெதுப்பான சினூக் காற்று அங்கேயும் வரும். காலையில் மைனஸ் 20, மாலையில் பனி உருகிக் கூரையிலிருந்து சொட்டும். சிலருக்குத் தலைவலி கொடுக்கும். உருகியது ராத்திரியில் கண்ணாடி போல உறையும். அம்மாவின் செருப்புக்கு அடியில் மாட்டுகிற முள்பட்டை வாங்கி வையுங்கள்.

செவ்வந்தி | பிப்ரவரி 12

எல்லாருக்கும் நன்றி. இலுப்பை அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, மேட்டிலேயே பார் என்றார். மரத்துக்காகத்தான் ஆசைப்பட்டேன் என்றார்.

ஆஸ்பத்திரி பற்றி யாராவது சொல்லுங்கள். மகள் ஒரு கேள்வி கேட்கிறாள்: ஊருக்கு ஏன் தொப்பி என்று பெயர்?

புல்வெளியான் | பிப்ரவரி 12

ஆஸ்பத்திரி முதலில். மெடிசின் ஹாட் பிராந்திய மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. அவசர சிகிச்சை, பிரசவம், டயாலிசிஸ், புற்றுநோய் மையம் உண்டு. இதயத்துக்கான பெரிய சிகிச்சைகளுக்குக் கால்கரிக்குத்தான் அனுப்புவார்கள். நிலைமை மோசமென்றால் ஹெலிகாப்டரில் கொண்டுபோவதும் உண்டு, ஹேலோ என்ற மீட்பு ஹெலிகாப்டர் சேவை இந்த ஊரிலிருந்துதான் இயங்குகிறது. ஆகவே அம்மாவின் பழைய எக்கோ, ஆஞ்சியோ அறிக்கைகள் அனைத்தையும் நகல் எடுத்துக் கையோடு கொண்டுவாருங்கள். இங்கே குடும்ப மருத்துவர் கிடைக்கக் காலம் ஆகலாம். வேலை உறுதியானவுடனே தேடத் தொடங்குங்கள். அவசரமில்லாத சந்தேகத்துக்கு 811க்கு அழைத்தால் செவிலியர் பேசுவார், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம்.

வந்தவுடனே ஆல்பர்ட்டா சுகாதார அட்டைக்குப் பதியுங்கள். கனடாவுக்குள் மாகாணம் மாறி வருபவர்களுக்கு, வந்து சேர்ந்த பிறகு வரும் மூன்றாவது மாதத்தின் முதல் நாளில்தான் தொடங்கும். அதுவரை ஒன்ராறியோ அட்டை செல்லும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாத்திரைகள் மூன்று மாதத்துக்கு வாங்கிவைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

மகளின் கேள்விக்கு: இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான பிளாக்ஃபுட் மக்களின் மொழியில் சாமிஸ் என்ற சொல். கழுகின் வால் இறகுகளால் செய்த, அவர்களின் வைத்தியர் அணிகிற தலையணி. அதை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது மெடிசின் ஹாட் ஆகிவிட்டது. எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள். ஒன்றில், கடும் பஞ்சக் குளிர்காலத்தில் ஆற்றின் உறைபனியில் உறையாமல் இருந்த ஒரு திறப்பின் அருகே ஒருவருக்கு நீர்த் தெய்வம் தோன்றி, அந்தத் தலையணி கிடைக்கும் இடத்தைக் காட்டுகிறது. 1910இல் ஊர்க்காரர்கள் சிலர் இந்தப் பெயரை மாற்றப் பார்த்தார்கள். அப்போது கிப்ளிங்குக்கு எழுதிக் கேட்டார்கள், அவர் மாற்றவே கூடாது என்று நீண்ட கடிதம் எழுதினார். பெயர் நிலைத்தது. மகளிடம் சொல்லுங்கள், இது தொப்பியை விட ரொம்பப் பெரிய விஷயம்.

நீங்கள் படத்தில் பார்த்த கூடாரத்துக்கும் அந்தப் பெயர்தான், சாமிஸ் டீப்பி. 1988 கால்கரி குளிர்கால ஒலிம்பிக்குக்காக எஃகில் செய்தது, இருபது மாடி உயரம். பிறகு இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். எல்லாரும் நெடுஞ்சாலையில் நிறுத்திப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதற்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கேதான் பூர்வகுடிகளின் முன்னோர்கள் பைசன் என்ற காட்டெருமையை அறுத்து இறைச்சியைப் பதப்படுத்திய முகாம் இருந்தது, தொல்லியலாளர்கள் மதிக்கும் இடம். கூடாரத்தின் தூண்களில் இருக்கும் பத்துப் பெரிய ஓவியங்களையும் நின்று பாருங்கள்.

தூக்கணாங்குருவி | பிப்ரவரி 12

சுற்றிப் பார்க்க இன்னும் இருக்கிறது அக்கா. சைப்ரஸ் ஹில்ஸ் ஒரு மணி நேரத்துக்குள். சமவெளியின் நடுவே திடீரென்று பைன் காடும் ஏரியும். பனியுகத்தில் சுற்றிலும் பனிப்பாளம் மூடியபோது அந்த மலைகளின் உச்சி மட்டும் மூடப்படாமல் நின்றதாம். 2004இல் இருண்ட வானப் பாதுகாப்பிடமாக அறிவித்தார்கள். பால்வெளியை நான் முதல்முதலாக அங்கேதான் பார்த்தேன், ஒருவரும் பேசாமல் நின்றோம். மகளுக்கு டைனோசர் பிடிக்குமென்றால் புரூக்ஸ் பக்கம் டைனோசர் மாகாணப் பூங்காவும் எட்டும் தூரம்தான்.

குளிர்காலத்தில் டைகர்ஸ் ஹாக்கி. 1987, 1988 இரண்டு வருடமும் தொடர்ந்து மெமோரியல் கோப்பை ஜெயித்த அணி. ஆட்டம் புரியாவிட்டாலும் போங்கள், ஊரில் பாதிப் பேரை அங்கே பார்த்துவிடலாம்.

புல்வெளியான் | பிப்ரவரி 13

மெடால்டாவை விட்டுவிட்டாயே தம்பி. நான் வீட்டுக்கு வரும் எல்லாரையும் முதலில் கூட்டிப்போவது அங்கேதான். இந்த ஆற்றுப் பள்ளத்தில் களிமண், கீழே எரிவாயு, பக்கத்தில் ரயில், மூன்றும் சேர்ந்ததால் பெரிய மண்பாண்டத் தொழில் வளர்ந்தது. மெடால்டா ஆலை 1954இல் மூடப்பட்டது. இப்போது அருங்காட்சியகம். தேன்கூடு போன்ற வட்டச் சூளைகளுக்குள்ளேயே நடந்து போகலாம். உள்ளே நின்று மேலே பார்த்தால் புகை படிந்த செங்கல் வளையம் வளையமாகக் குறுகிக்கொண்டே போகும். குரல் திரும்பி வரும்.

அங்கே செய்த ஜாடிகள் சமவெளிப் பண்ணை வீடு ஒவ்வொன்றிலும் இருந்தன. முட்டைக்கோஸ் ஊறவைப்பார்கள். நம் வீட்டு ஊறுகாய் ஜாடியின் பெரியப்பா மாதிரி இருக்கும்: மேலே பழுப்பு அல்லது வெள்ளைப் பூச்சு, வயிற்றில் காலன் எண். பழைய சாமான் விற்பனைகளில் இன்னும் கிடைக்கும். அம்மா ஊறுகாய் போடுபவர் என்றால், விரல்முட்டியால் தட்டிப் பார்த்து வாங்குங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டும், மொத்தென்று கேட்டால் எங்கோ கீறல்.

செவ்வந்தி | ஜூன் 15

வந்து ஏழு வாரம் ஆகிறது. முன்பே எழுதியிருக்க வேண்டும், வேலை பழகவே நேரம் சரியாக இருந்தது.

தென்கிழக்கு மேட்டில் வீடு. இரண்டு கார். மகளின் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள், இவளோடு பேச முதல் நாளே போட்டி. குடும்ப மருத்துவர் போன வாரம்தான் கிடைத்தார். அதுவரை ஒருமுறை அவசர சிகிச்சைக்குப் போக வேண்டி வந்தது. ஐந்து மணி நேரம் காத்திருந்தோம், ஆனால் நீங்கள் சொன்னபடி அறிக்கைகளைக் கொண்டுபோனதால் டாக்டர் எடுத்த எடுப்பிலேயே நிலைமையைப் புரிந்துகொண்டார். அம்மா நலம்.

மாலையில் அம்மாவைப் போலீஸ் பாயின்ட் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன். முதல் நாளே முள்ளம்பன்றி ஒன்று மரக்கிளையில் உட்கார்ந்து மொட்டுத் தின்றதைப் பார்த்தோம். இப்போது அங்கே பஞ்சு பறக்கிறது. பாதையெல்லாம் வெள்ளை, அம்மாவின் தலைமுடியெல்லாம் வெள்ளை. இலவம் பஞ்சு மாதிரியே இருக்கிறது என்று கைநிறைய அள்ளி, தலையணைக்கு ஆகுமா என்கிறார். ஆகுமா?

புல்வெளியான் | ஜூன் 15

தலையணைக்கு ஆகாது, இழை மிகவும் குட்டை, உருண்டுவிடும். அது காட்டன்வுட் மரத்தின் விதை. ஜூனில் ஆறு உயரும் நேரம் பார்த்துத்தான் விதை பறக்கும். காரணம், வெள்ளம் வடிந்த ஈர வண்டலில் விழுந்தால்தான் முளைக்கும், அதுவும் விழுந்த சில நாட்களுக்குள். புல் மூடிய இடத்தில் முளைக்காது. மேலே அணை கட்டி ஆற்றை ஒரே சீராக ஓடவிட்ட இடங்களில் கிழட்டு மரங்கள் மட்டும் நிற்கின்றன, கன்று இல்லை. அம்மா ஆசைப்பட்ட அந்த வாசல் மரமும் ஏதோ ஒரு வெள்ளம் போட்ட மண்ணில் முளைத்ததாக இருக்கலாம். பூங்காவில் ஆற்று வளைவுக்குப் போனால் மணல் திட்டில் ஒரே உயரமாக நெருங்கி நிற்கும் இளமரங்களைக் காட்டுங்கள். 2013 வெள்ளத்துக்குப் பிறகு வந்தவை என்று நடக்கும் பெரியவர்கள் எனக்குச் சொன்னார்கள்.

புல்லுக்குள் மட்டும் இறங்க வேண்டாம், வெயில் காலத்தில் கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு. பாதையில் நடந்தால் பயமில்லை. சத்தம் கேட்டால் அப்படியே நின்று, பின்னால் நகர்ந்து வந்துவிடுங்கள்.

இலுப்பை | ஜூன் 16

நான் அந்த ஊரை விட்டுக் கால்கரிக்கு வந்தபின் ஒரு தடவைகூட அங்கே திரும்பிப் போகவில்லை. அந்த இளமரங்கள் இப்போது எவ்வளவு உயரம்?

புல்வெளியான் | ஜூன் 16

என்னை விட இரண்டு மடங்குக்கு மேல்.

செவ்வந்தி | ஜூன் 16

இலுப்பை அக்கா, வாருங்கள். கால்கரியிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் வந்துவிடலாம். எங்களோடு தங்கலாம், வீடு மேட்டில்தான். அம்மா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். வரும்போது முடிந்தால் முருங்கைக்காய் ஒரு கட்டு. இங்கே மூன்று காலன் ஜாடி ஒன்று வாங்கிவிட்டோம், கணீரென்றுதான் ஒலித்தது. எலுமிச்சை ஊறுகாய் அதில் நாலு நாளாக ஊறுகிறது.

இலுப்பை | ஜூன் 17

அடுத்த சனிக்கிழமை வருகிறேன். மகனையும் கூட்டிவருகிறேன், அவன் பிறந்த ஊர். தடுப்பூசிப் புத்தகத்தோடு நாங்கள் ஏறி வந்த அந்த மேட்டை அவனுக்குக் காட்ட வேண்டும். முருங்கைக்காய் இரண்டு கட்டாகவே வாங்கிவருகிறேன்.